அப்பா ஊருக்குப் போனதும் பிள்ளை என்ன செய்தது? பழைய பாட்டில் எங்காவது இருக்கிறதா?

கேள்வி: பாவூர்சத்திரத்துக்காரி

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஒரு பாட்டு வேண்டும். தாயோ தகப்பனோ பிரிந்து போகும்போது சின்னப் பிள்ளை என்ன செய்கிறது என்று சொல்கிற பாட்டு.

பிள்ளையைப் பிரிந்து பெற்றவர்கள் அழுகிற பாட்டு வேண்டாம். அது நம்மிடம் ஏராளமாக இருக்கிறது. கல்லூரியில் தமிழ் படித்தவள் நான். காதலனோடு உடன்போன மகளை நினைத்து நற்றாயும் (பெற்றவள்) செவிலியும் (வளர்த்தவள்) புலம்புகிற பாட்டுகள் எத்தனை! இராமன் காட்டுக்குப் போனான் என்று தசரதனாகவே மாறிக் குலசேகர ஆழ்வார் அழுதிருக்கிறார். கண்ணனை வளர்க்கக் கொடுத்துவைக்காத தேவகியாகவும் அவரே அழுதிருக்கிறார். இப்படிப் பெரியவர்களுக்காக அழ ஆள் இருக்கிறது. வாசற்படியில் நிற்கிற பிள்ளைக்காக யார் பாடினார்கள்?

ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் மின்சார வேலை பார்க்கிறார். விடுப்பு முடிந்து போன வாரம் திரும்பிப் போனார். விடியற்காலை விமானம் என்பதால் இரவே கார் வந்துவிட்டது. செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலை ஏறி இறங்கித் திருவனந்தபுரம் போக வேண்டும். மகனுக்கு இன்னும் நான்கு வயது நிறையவில்லை. அவனைத் தூங்க வைத்துவிட்டுப் புறப்படலாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவன் தூங்கவில்லை. முந்திரிக்கொத்தும் கருப்பட்டியும் இட்லிப்பொடியும் அடைத்து நைலான் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சை நகத்தால் நோண்டிக்கொண்டே இருந்தான். இவர் ஷூ மாட்டக் குனிந்ததும் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டான். கூப்பிட்டும் வரவில்லை. இவரே போய்த் தூக்கி முத்தம் கொடுத்தார். அவன் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

கார் பிள்ளையார் கோயில் முக்கில் திரும்பி, பின்னால் எரிந்த சிவப்பு விளக்கு மறைந்தது. என் கையைப் பிடித்து இழுத்து, "தோசை வேண்டும்" என்றான். ஏழு மணிக்கே சாப்பிட்டவன். திரும்பவும் அடுப்பைப் பற்றவைத்து ஊற்றிக் கொடுத்தேன். தார்சாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொடியும் எண்ணெயும் தொட்டு, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டான்.

அத்தைக்குத் தாங்கவில்லை. "பெற்ற தகப்பன் போயிருக்கிறான், இவனுக்குத் தோசை கேட்கிறது பார்" என்றார்கள். விமான நிலையத்திலிருந்து இவர் பேசியபோது கேட்ட முதல் கேள்வி, "அழுதானா?" என்பதுதான். தோசை சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான் என்றேன். அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை.

பிள்ளைக்குப் பாசம் உண்டா இல்லையா என்று யாரும் எனக்கு விளக்க வேண்டாம். என் பிள்ளையை எனக்குத் தெரியும். இரண்டாயிரம் வருடமாகப் பாடுகிற மொழியில் இப்படி ஒரு பிள்ளையை யாராவது பார்த்து எழுதியிருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

பதில்: மேல ரத வீதி

தங்கச்சி, உன் கேள்வியைப் பார்த்ததும் எனக்குச் சீர்காழிக் குளக்கரைதான் நினைவுக்கு வந்தது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிற சம்பந்தப் பிள்ளை. பிள்ளைக்கு அப்போது மூன்றாம் ஆண்டு. தகப்பனார் சிவபாத இருதயர் குளிக்கப் புறப்படுகிறார். பிள்ளை பின்னாலேயே போகிறது. அவர் திரும்பிப் பார்த்துக் கோபப்படுவதுபோல் காட்டி, வராதே என்று தடுக்கிறார். பிள்ளை பேசவில்லை. "மின்செய் பொலங் கிண்கிணிக்கால் கொட்டி" என்கிறார் சேக்கிழார். சலங்கை கட்டிய காலைத் தரையில் உதைத்து அடம் பிடிக்கிறது. தகப்பனும் என்ன செய்வார்? நீ செய்வது இதுவானால் சரி, வா என்று கூட்டிக்கொண்டு போகிறார்.

கரையில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் மூழ்கி மந்திரம் சொல்லத் தொடங்குகிறார். தலை வெளியே தெரியவில்லை. பிள்ளை பார்க்கிறது, பார்க்கிறது, காணோம். அப்போதுதான் அழுகை வருகிறது. கோயிலின் தோணிச் சிகரத்தைப் பார்த்து "அம்மே அப்பா" என்று அழுகிறது. அம்மையும் அப்பனும் விடைமேல் வந்து பால் கொடுத்ததும், "தோடுடைய செவியன்" பிறந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குத் தினமும் சொல்கிற கதை இது. ஆனால் இந்த அழுகையைப் பற்றிச் சேக்கிழார் ஒரு கேள்வி கேட்கிறார், அதைக் கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். "தம்மேலைச் சார்புணர்ந்தோ சாரும்பிள்ளைமைதானோ." முன்பே தனக்கு இருந்த இறைத்தொடர்பை உணர்ந்து அழுததா, இல்லை அந்த வயதுக்கே உரிய பிள்ளைத்தனம்தானா? இரண்டில் ஒன்றை அவர் தீர்த்துச் சொல்லவில்லை. அத்தனை பெரிய பக்தர், தெய்வப் பிள்ளையின் கதையிலும், இது வெறும் பிள்ளையின் அழுகையாகவும் இருக்கலாம் என்று இடம் விட்டிருக்கிறார். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து இங்கே நெல்லையப்பர் சந்நிதிக்கும் வந்து "மருந்தவை மந்திரம்" பாடியது.

உன் மகன் காலை உதைக்கவில்லை என்றாலும், கதவுக்குப் பின்னால் போய் நின்றான் அல்லவா, அதுவும் தடுப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில்: பாளையங்கோட்டை மாணவன்

அக்கா, நான் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். உங்கள் மகன் கதவுக்குப் பின்னால் போனது ஷூ மாட்டும்போது என்று எழுதியிருக்கிறீர்கள். ஹோமரின் இலியத் ஆறாம் காண்டத்தில் இதேபோல் ஒரு கட்டம் இருக்கிறது.

டிராய் நகரத்து வீரன் ஹெக்டர் போருக்குத் திரும்புமுன் கோட்டை வாசலில் மனைவியைச் சந்திக்கிறான். கைக்குழந்தை தாதியின் மார்பில் இருக்கிறது. தகப்பன் கையை நீட்டுகிறான். குழந்தை வீறிட்டு அழுது தாதியின் மார்புக்குள் முகத்தைப் புதைக்கிறது. தலைக்கவசத்தின் வெண்கலத்தையும், அதன் உச்சியில் ஆடுகிற குதிரைமயிர்க் குஞ்சத்தையும் பார்த்த பயம். தாயும் தகப்பனும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கிறான். பிறகுதான் பிள்ளையை வாங்கி முத்தமிட்டு, கையில் வைத்து ஆட்டி, என்னைவிடப் பெரிய வீரனாக வரட்டும் என்று தெய்வங்களிடம் வேண்டுகிறான். அவன் போரிலிருந்து திரும்பி வரப்போவதில்லை. கேட்கிறவர்களுக்கு அது தெரியும், குழந்தைக்குத் தெரியாது.

பிரிவைக் கண்டு அழவில்லை அந்தக் குழந்தை. பிரிந்து போவதற்காகத் தகப்பன் போட்டுக்கொண்ட உடுப்பைக் கண்டு அழுகிறது. ஷூவும் அப்படித்தானோ என்று நினைத்தேன்.

பாவூர்சத்திரத்துக்காரி

தம்பி, இருக்கலாம். வீட்டில் இருந்த நாளெல்லாம் இவர் சாரமும் பனியனும்தான். அன்றைக்கு மட்டும்தான் மடிப்புக் கலையாத சட்டை, பெல்ட், ஷூ. மேல ரத வீதி அக்காவுக்கும் நன்றி. ஆனால் அக்கா, உங்கள் பிள்ளை அழுதுவிட்டது. ஹெக்டரின் பிள்ளையும் அழுதுவிட்டது. அழாத பிள்ளையைத்தான் நான் இன்னும் தேடுகிறேன்.

பதில்: கல்லிடைக்குறிச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, நீங்கள் தேடுகிற பிள்ளை இருக்கிறது. பசியோடு இருக்கிறது.

முதலில், எங்கே இல்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகநானூற்றில் தலைவன் பொருள் தேடப் புறப்படுகிற பாட்டுகளில் பிள்ளையைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பாலை பாடிய பெருங்கடுங்கோவின் ஐந்தாம் பாட்டில் ஒரு புதல்வன் வருகிறான். தாய் அவனை மார்போடு ஒடுக்கிக்கொண்டு, அவன் தலையில் சூடிய பூவை மோந்து பெருமூச்சு விடுகிறாள். அந்த மூச்சுச் சூட்டில் பூ நிறம் கெட்டுப்போகிறது. அதைக் கண்டே பயணத்தை விட்டுவிட்டேன் என்கிறான் தலைவன். "கடிந்தனம் செலவே." தகப்பனை நிறுத்தியது பிள்ளையின் தலைப்பூ. ஆனால் பிள்ளை என்ன செய்தான் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. பாரி மகளிரின் "அற்றைத் திங்கள்" பாட்டைச் சிலர் சொல்லக்கூடும். தந்தையும் போய் மலையும் போன பிறகு நிலவைப் பார்த்து இரண்டு மாதங்களை ஒப்பிடத் தெரிந்த பெண்கள் அவர்கள். சின்னப் பிள்ளைகள் அல்லர். நம் எட்டயபுரத்துப் பாரதிக்கு ஐந்து வயதில் தாய் போனாள். "என்னை ஈன்றெனக்கு ஐந்து பிராயத்தில் ஏங்க விட்டு" என்று பாடினான். அதுவும் மீசை முளைத்த பிறகு எழுதியது.

இனி நீங்கள் கேட்டது. புறநானூறு 250, பாடியவர் தாயங்கண்ணியார். ஒரு வீட்டைப் பார்த்துப் பாடுகிறார். தாளித்த மணம் நிறைந்த சோறு போட்டு, வந்த இரவலரை வேறெங்கும் போகவிடாமல் தடுத்த வாசல் அது. இப்போது அந்த வீட்டு மனைவி கூந்தலைக் கொய்து, வளையைக் கழற்றி, கைம்பெண்ணின் உணவான அல்லி அரிசி உண்கிறாள். வீடு பொலிவிழந்து கிடக்கிறது. எப்போதிருந்து? பாட்டு இப்படி முடிகிறது:

"வான்சோறு கொண்டு தீம்பால் வேண்டும்
முனித்தலைப் புதல்வர் தந்தை
தனித்தலைப் பெருங்காடு முன்னிய பின்னே."

வெள்ளைச் சோற்றைக் கையில் வாங்கிக்கொண்டு, இனிய பால் வேண்டும் என்கிற குடுமித் தலைப் பிள்ளைகள். அவர்களுடைய தகப்பன் தனியிடத்துப் பெருங்காடாகிய சுடுகாட்டுக்குப் போய்விட்டான். தாய்க்கு மயிர் போயிற்று, வளை போயிற்று, உணவு மாறிற்று. பிள்ளைகளிடம் மாறியது ஒன்றும் இல்லை. சோறு வாங்கினால் பால் கேட்கிறார்கள், அவ்வளவுதான். கைம்மை பற்றிப் புறநானூற்றில் இன்னும் பாட்டுகள் உண்டு. ஆனால் பிள்ளையின் வாயில் அழுகையை வைக்காமல் பாலை வைத்த தாயங்கண்ணியாரை நினைத்தால் எனக்கு இந்த வயதிலும் குரல் கம்முகிறது. வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போது கடைசி மூன்றடியை வாசித்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இன்னொன்றும் உண்டு, அதில் தகப்பன் உயிரோடு இருக்கிறான். உங்கள் வீட்டுக்கு அதுதான் இன்னும் நெருக்கம். புறநானூறு 160. புலவர் பெருஞ்சித்திரனார் பரிசில் தேடி வள்ளல் குமணனிடம் வந்திருக்கிறார். ஊரில் விட்டுவந்த தன் வீட்டை அவனுக்குச் சொல்கிறார். வீட்டில் உணவு இல்லாததால் மகன் வீட்டையே மறந்து வெளியில் திரிகிறான். வந்தால் தாயிடம் பால் இல்லை. ஒவ்வொரு பானையாகத் திறந்து பார்க்கிறான், உள்ளே ஒன்றும் இல்லை, அழுகிறான். தாய், புலி வருகிறது என்று பயமுறுத்துகிறாள். நிலவைக் காட்டுகிறாள். எதுவும் பலிக்காமல் நொந்துபோய், "நுந்தையை உள்ளிப் பொடிந்த நின் செவ்வி காட்டு" என்கிறாள். உன் அப்பாவை நினைத்து வெறுத்தால் உன் முகம் எப்படி இருக்கும், அதைக் காட்டு பார்ப்போம் என்று விளையாட்டுக் காட்டுகிறாள்.

இந்த ஓர் அடிக்குள் எத்தனை இருக்கிறது பாருங்கள். தகப்பன் வெளியூரில். பிள்ளைக்கு அவன்மேல் கோபம் உண்டு என்று தாய்க்குத் தெரியும். அந்தக் கோபத்தையே வேடிக்கையாக்கிப் பசியை மறக்கடிக்கப் பார்க்கிறாள். அந்தத் தகப்பனே இதை இன்னொருவன் சபையில் நின்று சொல்கிறான்.

தம்பி சொன்ன கவசத்துக்கு நம்மிடமும் ஒரு துணை உண்டு. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடப் போகிறான். கோவூர் கிழார் தடுத்துப் பாடுகிறார். யானையைக் கண்டதும் அந்தப் பிள்ளைகள் அழுகையை மறந்துவிட்டார்களாம். கூடியிருக்கிற மன்றத்தைப் பார்த்துத்தான் மருளுகிறார்களாம். புறநானூறு 46. சாகப்போகிற பிள்ளைக்கு யானை வேடிக்கை, தெரியாத முகங்கள்தான் பயம். இது பிள்ளைகளோடு பழகிய கண்.

பதில்: முக்கூடல் அங்கன்வாடிப் பணியாளர்

நான் பாட்டு படித்தவள் இல்லை. ஐயா எழுதியதை வாசித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் பீடி சுற்றுகிற வீடுகள் அதிகம். தாய்மார் கடைக்குப் போய் இலையும் தூளும் வாங்க வேண்டும், சுற்றிய பீடியைக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாம் அழும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அழுகிற பிள்ளையைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. தூக்கி வைத்துக்கொண்டால் சற்று நேரத்தில் தேறிவிடும். அழாமல் இருக்கிற பிள்ளையைத்தான் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்போம். அது ஒரு மூலையில் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் வந்ததும் வராததுமாகச் சோறு கேட்கும்.

சோறு ஏன் கேட்கிறது தெரியுமா? விட்டுவிட்டுப் போகிற தாய் என்ன சொல்லிவிட்டுப் போகிறாள்? "சோறு சாப்பிட்டு முடி, அம்மா வந்துவிடுவேன்." நாங்களும் அதையேதான் சொல்வோம். பிள்ளைக்கு மணி தெரியாது. சோறு தெரியும். சோறு முடிந்தால் அம்மா. அதனால் காலை பத்து மணிக்கே சோறு, சோறு என்று நிற்கும். ஒரு பெண் பிள்ளை அடுக்கிலிருந்து தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அடுப்பில் அரிசி அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவளைத் தீனிப்பண்டாரம் என்றார்கள். எனக்கு அவர்கள்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

ஐயா சொன்ன பாட்டில் அந்தப் பிள்ளைகள் சோறு வாங்கிக்கொண்டு பால் கேட்கிறார்களே, அவர்களுக்கும் யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்கள். பாலும் குடித்து முடித்தால் அப்பா வருவார் என்று. அவர்கள் பசிக்காகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பாவூர்சத்திரத்துக்காரி அக்கா, உங்கள் மகன் கேட்ட தோசையும் எந்தத் தோசை என்று யோசித்துப் பாருங்கள்.

கல்லிடைக்குறிச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, வணக்கம். பாட்டு அவ்வளவு தூரம் சொல்லவில்லை என்பதை நான் சொல்லியாக வேண்டும். சோறும் பாலும் அங்கே பிள்ளைகளின் இளமையைக் காட்ட வந்தவை. இவ்வளவு சிறு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனானே என்பதற்கான அடைமொழி. யாரோ அவர்களுக்கு வாக்குக் கொடுத்தார்கள் என்று பாட்டில் இல்லை. படிக்கிற பிள்ளைகளுக்கு உரை சொல்லும்போது அப்படிச் சேர்த்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்கள் சொன்ன பிறகு அந்த அடியை என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்த அந்தப் பெண் பிள்ளையைத் தாயங்கண்ணியார் பார்த்திருந்தால் நிச்சயம் பாடியிருப்பார்.

பதில்: கடையநல்லூர், இப்போது தம்மாம்

சகோதரி, நான் உங்கள் வீட்டுக்காரர் பக்கத்து ஆள். விட்டுவிட்டு வருகிற பக்கம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் தகப்பன் வெளிநாட்டில்தான். பிள்ளை தூங்கும்போது புறப்பட்டு விடு, பார்த்தால் ஏங்கிவிடும் என்பதுதான் அங்கே வழிவழியாகச் சொல்கிற புத்தி. என் தகப்பனாரும் அப்படித்தான் போனார். காலையில் எழுந்து பார்த்தால் கொடியில் அவர் துண்டு இருக்கும், அவர் இருக்க மாட்டார். அதனால் நான் என் மகளிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்படுவேன். அவள் அழுவாள். அழட்டும்.

பள்ளிக்கூடத்தில் படித்த நளவெண்பாவை இங்கே அறையில் உட்கார்ந்து மறுபடி வாசித்தேன். சூதில் நாட்டை இழந்த நளன், பிள்ளைகள் இருவரையும் தாத்தா வீட்டுக்கு, விதர்ப்ப நாட்டுக்கு அனுப்புகிறான். புகழேந்தி அந்தப் பிள்ளைகளைப் பேச வைக்கிறார். தகப்பன் முகத்தைப் பார்த்து, பிறகு தாயின் முகத்தைப் பார்த்து, "எந்தம்மை வேறாகப் போக்குதிரோ" என்று கேட்கிறார்கள். எங்களைத் தனியாக அனுப்புகிறீர்களா என்று நேருக்கு நேர் கேள்வி.

அதைவிட என்னை உலுக்கியது பின்னால் வருகிறது. நளன் உருமாறிச் சமையற்காரனாக அதே ஊருக்கு வருகிறான். தன் பிள்ளைகளைக் கண்டதும் மனம் நடுங்கி, வாரி எடுத்து, நீங்கள் என் பிள்ளைகள் போல் இருக்கிறீர்களே, யார் பிள்ளைகள் என்று கேட்கிறான். தகப்பன் என்று தெரியாமல் பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள். நிடத நாட்டு வேந்தன் மக்கள் நாங்கள். "அன்னைதனைக் கான்விட்டு அவனேக" இங்கே வந்து வாழ்கிறோம். எங்கள் அம்மாவைக் காட்டில் விட்டுவிட்டு அவன் போய்விட்டான் என்று அவனிடமே சொல்கிறார்கள்.

தன்னைப் பற்றித் தன் பிள்ளை மற்றவர்களிடம் என்ன சொல்கிறது என்பதைத் தகப்பன் காதாலேயே கேட்க வைத்திருக்கிறார் புகழேந்தி. இங்கே இருக்கிற எங்களில் யாருக்கும் அது வாய்க்காது. தொலைபேசியில் பிள்ளையை யாராவது பக்கத்தில் நின்று பேச வைப்பார்கள். சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன், பொம்மை வாங்கி வாருங்கள் என்று சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும். உங்கள் மகன் தோசை சாப்பிட்டான் என்று உள்ளதை உள்ளபடி சொன்னீர்களே, அந்தப் பக்கம் அவர் பேசாமல் இருந்தது வருத்தத்தில் மட்டும் இல்லை. நீங்கள் பொய் சொல்லாத ஆள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த தடவை பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று சொன்னால் நம்புவார்.

பாவூர்சத்திரத்துக்காரி

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முக்கூடல் அக்கா கேட்ட கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே இருந்தேன். எந்தத் தோசை என்று இப்போது தெரிகிறது. விடுப்பில் இருந்த நாளெல்லாம் இவர் கடைவீதிக்குப் போய்விட்டுப் பிந்தி வந்துதான் சாப்பிடுவார். பிள்ளை அதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பான். ஆனாலும் இவர் தட்டில் தோசை விழுந்ததும் எங்கிருந்தாலும் ஓடிவந்து மடியில் உட்கார்ந்துகொள்வான். ஓரத்து முறுகலை இவர் பிய்த்துக் கொடுப்பார், நடுவை இவர் சாப்பிடுவார். ராத்திரித் தோசை என்றால் அவனுக்கு அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம். அன்றைக்கு நான் ஊற்றிக் கொடுத்தபோது முறுகலைத்தான் முதலில் பிய்த்துத் தின்றான். பக்கத்தில்தான் இருந்தேன், அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

தாயங்கண்ணியார் பாட்டை அத்தைக்கு வாசித்துப் பொருள் சொன்னேன். மாமா இறந்துபோகும்போது இவருக்கு ஐந்தோ ஆறோ வயது. அத்தை முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள்: "அந்தப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தார்களா இல்லையா?"

ஐயா, பாட்டில் அதற்குப் பதில் இல்லையே. வேறு எங்காவது இருக்கிறதா?

கல்லிடைக்குறிச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, இத்தனை வருடம் பாடம் நடத்தியதில் எந்த மாணவரும் கேட்காத கேள்வி. உங்கள் அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தாயங்கண்ணியார் அதற்குப் பதில் சொல்லவில்லை. பாட்டு சுடுகாட்டோடு நின்றுவிடுகிறது. ஆனால் பானை பானையாகத் திறந்து பார்த்தானே, அந்தப் பெருஞ்சித்திரனாரின் மகன், அவன் வீட்டுக்குப் பதில் உண்டு. தகப்பன் திரும்பி வந்தார், வெறுங்கையோடு வரவில்லை. புறநானூறு 163 எடுத்துப் பாருங்கள். மனைவியிடம் சொல்கிறார்: உன்மேல் அன்பு வைத்தவர்களுக்கும், நீ அன்பு வைத்தவர்களுக்கும், உன் சுற்றத்தாருக்கும், நம் பசி தீரக் கடன் கொடுத்து உதவியவர்களுக்கும் கொடு. இன்னாருக்கு என்று பார்க்காதே, என்னையும் கேட்காதே, நாளைக்கு வேண்டும் என்று எடுத்து வைக்காதே. "எல்லோர்க்கும் கொடுமதி மனைகிழவோயே." முதிர மலைத் தலைவன் குமணன் கொடுத்த செல்வம் இது என்கிறார்.

மகனின் பெயரோ பேச்சோ அந்தப் பாட்டில் வரவில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் கொடுக்கிற வீட்டில் பானை நிறைந்துதான் இருந்திருக்கும். இதையும் அத்தைக்கு வாசித்துக் காட்டுங்கள். பெரிய எழுத்தில் அச்சிட்ட புறநானூற்றுப் பதிப்பு ஒன்று என்னிடம் கூடுதலாக இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.